டைட்டில் ஓடும்போது கூடத்தில் பதினோரு பேர்

(நமது சமுதாயக் கூடத்தில் ‘வீடு’ திரைப்படம் காட்டிய மாலையில், படம் முடிந்ததும் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஃபிலிம் லேப் ஊழியர் பேசியது. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)

மத்தியானத்திலிருந்து நாற்காலி போட்டு, திரை கட்டி, ஒயர் இழுத்த நம் பிள்ளைகளுக்கும், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் தனியாக ஒரு நன்றி. பின்னால் போண்டா தயாராக இருக்கிறது என்று எனக்கும் வாசனை வருகிறது. இருபது நிமிஷம் கொடுங்கள், அதற்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒரு புகாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். “படம் ஏன் சார் இவ்வளவு மங்கலா இருக்கு, நிறமெல்லாம் வெளுத்துப் போயிருக்கே, புரொஜெக்டர் ரிப்பேரா?” என்று கேட்டார்கள். செயலாளர் சார் பாவம், போன பொதுக்குழுவில் சண்டை போட்டு வாங்கிய புரொஜெக்டர் அது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நேற்று இதே திரையில் கிரிக்கெட் பார்த்தீர்களே, பளிச்சென்றுதானே இருந்தது?

நாம் பார்த்த ‘வீடு’ மங்கலாக இருந்ததற்குக் காரணம் வேறு. அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் இன்று இல்லை. தம் கடைசிக் காலத்தில் பாலு மகேந்திராவே இதைச் சொல்லி வருந்தினார். ‘வீடு’ போயிற்று, அதற்கு அடுத்து எடுத்த ‘சந்தியா ராகம்’ போயிற்று. நம் படங்களைப் பாதுகாக்க இங்கே ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2014 பிப்ரவரியில் காலமானார். 1988ல் வெளிவந்த படம் இது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது. அந்தப் படத்தை இன்று நாம் இப்படித்தான், நகலின் நகலாகத்தான் பார்க்க முடிகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஆறரை மணிக்குப் படம் என்று எல்லா பிளாக்கிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். ஆறரைக்குப் படம் போட்டோம். டைட்டில் ஓடும்போது இந்தக் கூடத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். நான் எண்ணினேன். அதில் இரண்டு பேர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கதை தொடங்கியபோது அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. தியேட்டரிலும் அப்படித்தான், வீட்டில் டி.வி.யிலும் அப்படித்தான். இப்போது அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தானே வைத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு அந்த இரண்டு நிமிஷம் கொஞ்சம் ஒட்டிக்கொண்ட விஷயம். ஏனென்று சொல்கிறேன்.

நான் சென்னையில் ஒரு ஃபிலிம் லேபில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தேன். கிரேடிங் செக்‌ஷன். இந்த வளாகத்தில் பலருக்கு நான் ‘பேங்கில் இருந்தவர்’. அது ஏனோ தெரியவில்லை, கண்ணாடி காரணமாக இருக்கலாம்.

கிரேடிங் என்றால் என்ன? ஒரு காட்சியை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. ஒருவர் கதவைத் திறக்கிற ஷாட்டைக் காலை பத்து மணிக்கு எடுத்திருப்பார்கள். அவர் உள்ளே வருகிற ஷாட்டைச் சாயங்காலம் நாலரைக்கு எடுத்திருப்பார்கள். வெயில் மாறியிருக்கும். காலையில் வெளிச்சம் வெள்ளை, மாலையில் மஞ்சள். இரண்டையும் ஒட்டினால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள், இந்தப் பக்கம் வேறொரு நாள் என்று தெரியும். அப்படித் தெரியாமல் செய்வதுதான் எங்கள் வேலை. நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும் இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை அளவு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண். இந்த ஷாட்டுக்குச் சிவப்பு 27, பச்சை 25, நீலம் 22 என்று குறிப்போம். அது ஒரு காகித நாடாவில் துளையாகப் பதியும். ஆயிரம் அடி ரீல், பதினோரு நிமிஷம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினாலு பதினைந்து ரீல், ஆயிரத்துக்கும் மேல் ஷாட். ஒரு எண் ஒன்றிரண்டு தப்பினால் கதாநாயகிக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும்.

நாங்கள் சரியாகச் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. தப்பாகச் செய்தால்தான் எங்களைத் தெரியும். நம் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் மாதிரிதான். ஓடுகிறவரை அது எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு எல்லோரையும்விடப் பெரிய சவாலாக இருந்தவர்கள், இயற்கை வெளிச்சத்தில் படம் எடுத்தவர்கள். ஸ்டுடியோவில் நூறு விளக்குப் போட்டு எடுத்தால் வெளிச்சம் நாளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கிரேடருக்கு வேலை சுலபம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்தால் ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனிக் குழந்தை. அப்படி எடுத்தவர்களில் தலையாயவர் பாலு மகேந்திரா. ‘வீடு’ எங்கள் லேபுக்கு வந்த படமில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்துவிட்டு, இதை கிரேடு செய்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றுவரை அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கிரேடர் பெயர் டைட்டிலில் வருவது அரிது. என் பெயர் ஒரு படத்திலும் வந்ததில்லை.

அந்தத் தாத்தாவை இன்று பார்த்தீர்கள். சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடைக்காரர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அந்த இடத்தில் வசனம் இல்லை. இளையராஜாவின் இசை மட்டும். அவர் படத்துக்கென்று தனியாக எழுதியதல்ல அது, முன்பே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. அந்த முகத்தில் விழும் வெயிலைக் கவனித்தீர்களா? வீட்டுக்குள் இன்னும் கூரை முழுதாக இல்லை, அதனால் வெயில் உள்ளே வருகிறது. வீடு முடிந்துவிட்டால் அந்த வெயில் அந்த இடத்தில் இருக்காது. அவர் பார்ப்பது வீட்டை, நாம் பார்ப்பது வெளிச்சத்தை. திரும்பும் வழியில் அவர் போய்விடுகிறார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நகலின் நகலிலேயே இப்படி என்றால், மூலப் பிரதியில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் குடிநீர் வாரிய அதிகாரி வந்து, இந்த இடம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்று சொல்லும்போது பின் வரிசையிலிருந்து “ஐயோ” என்று ஒரு குரல் வந்தது. அது யாரென்று எனக்குத் தெரியும். நம் வளாகத்தின் கட்டுமான நிறைவுச் சான்றிதழுக்காக இரண்டு வருஷம் அலைந்தவர். சிமெண்ட் மூட்டையைத் திருடும் கான்ட்ராக்டரைச் சித்தாள் மங்கம்மா காட்டிக்கொடுக்கும் இடத்தில் கைதட்டல் வந்தது. அந்த மங்கம்மா ‘பசி’ சத்யா.

பாலு மகேந்திரா மட்டக்களப்புக்கு அருகில் அமிர்தகழியில் பிறந்தவர். இந்தப் படத்துக்கு விதை, சிறு வயதில் அவருடைய அம்மா வீடு கட்டத் தொடங்கியதும், அந்த வீட்டுக் கவலையில் அம்மா மாறிப்போனதும்தான் என்று சொல்லியிருக்கிறார். சினிமாவுக்கு வந்த கதையும் அவரே பல முறை சொன்னதுதான். பள்ளிச் சுற்றுலாவில் கண்டிப் பக்கம் போனபோது, டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் 1957ல் வெளிவந்தது. இயக்குநர் “மழை” என்று குரல் கொடுத்தார், உடனே மழை பெய்தது. ஒரு மனிதன் சொன்னால் மழை பெய்யுமா, அப்படியென்றால் நானும் இயக்குநராவேன் என்று அந்தப் பையன் முடிவு செய்தானாம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் லேபில் இருந்தவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்வி வரும். அந்த மழையைத் திறந்துவிட்டது யார்? எங்கோ மறைவில் குழாயைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நனைந்து, “ரெயின்” என்ற சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு ஒருவர் நின்றிருப்பார் அல்லவா? பாலு மகேந்திராவும் வளர்ந்தபின் முதலில் இயக்குநராகவில்லை. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 1974ல் ராமு காரியட்டின் ‘நெல்லு’ மலையாளப் படத்துக்கு ஒளிப்பதிவாளராகத் தொடங்கினார். குழாய் பிடிக்கிற இடத்திலிருந்து வந்தவர். அதனால்தான் ‘வீடு’ படத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் மூன்றையும் ஒருவராகவே செய்ய முடிந்தது.

ஆனால் மற்றவர் படத்தில் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். ‘முள்ளும் மலரும்’, 1978. மகேந்திரன் இயக்கிய முதல் படம். மகேந்திரன் அதற்கு முன்பு கதையும் வசனமும் எழுதிப் பேர் வாங்கியவர், ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுத்துத்தான். பக்கம் பக்கமாக வசனம் எழுதிய மனிதர், தன் கைக்குக் கேமரா வந்ததும் வசனத்தைச் சுருக்கிவிட்டார். தயாரிப்பாளர் படத்தைப் பார்த்துவிட்டு, பேச்சே இல்லையே என்று கலங்கியதை மகேந்திரனே பின்னால் எழுதியிருக்கிறார். பேச்சைச் சுருக்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் பாலு மகேந்திரா கேமராவோடு நின்றார். முகத்தைக் காட்டினால் போதும், ஷோபாவும் ரஜினியும் பேச வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. அந்த இருவரையும் சேர்த்து வைத்தவர் கமல் ஹாசன். அவர் நடிக்காத படம் அது. ரஜினி படம் என்றுதான் நாம் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய தோள்.

மகேந்திரனின் இன்னொரு படம் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, 1980. சுஹாசினி காலைப் பனியில் ஓடிவருவது உங்களில் ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அசோக்குமாருக்குக் கிடைத்தது. அதே படத்துக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் உண்டு. வாங்கியவர் எஸ்.பி. ராமநாதன். கூடத்தில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், சங்கடம். ஓடுகிற காலடித் தாளத்தை எல்லோரும் நாற்பது வருஷமாக முணுமுணுக்கிறோம். இன்னொரு வேடிக்கை, சுஹாசினியே அதற்கு முன் அசோக்குமாரிடம் கேமரா உதவியாளர். வெளிச்சம் அளக்கிற மீட்டரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்ற பெண்ணை அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள்.

‘நாயகன்’ பற்றிப் பேசத் தொடங்கினால் போண்டா ஆறிவிடும். ஒரு வரி மட்டும். அந்தத் தாராவி, சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டாதரணி போட்ட செட். நாங்கள் லேபில் வேலை பார்த்தவர்கள், இதெல்லாம் பொய் என்று தெரிந்தவர்கள், நாங்களே நம்பினோம். மணிரத்னம், கமல், பி.சி. ஸ்ரீராம் என்று சொல்வோம். படத்தை வெட்டி ஒட்டிய லெனின், விஜயன் பெயரை அந்த வரிசையில் சொல்கிறவர்கள் குறைவு.

இவர்களாவது விருது வாங்கினார்கள், பேர் வந்தது. லைட்மேன், செட் உதவியாளர், சாப்பாடு பரிமாறுகிறவர் பெயர் எப்போது நமக்குத் தெரிகிறது? 2020 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே ஒரு பெரிய படப்பிடிப்பில் கிரேன் சரிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் பெயர் வந்தது. அப்படித்தான் வருகிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை இந்தக் கூடத்தில் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் கேட்டேன். “சொல்லிடுங்க, அப்பதான் தூங்குவீங்க” என்றாள்.

நெகட்டிவ் தயாரிப்பாளருடைய சொத்து. ஆனால் பிரதி போடுவது லேபில் என்பதால் நெகட்டிவ் லேபிலேயே இருக்கும். அதற்கென்று குளிரூட்டிய அறை. மாத வாடகை. படம் ஓடினால் வாடகை வரும். ஓடாத படத்துக்கு யார் கட்டுவார்கள்? தயாரிப்பாளர் கடனில் இருப்பார், இல்லையென்றால் ஊரை விட்டே போயிருப்பார். கடிதம் போடுவோம், ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வரும். டிஜிட்டல் வந்தது. பிரதி போடும் வேலையே நின்றது. சென்னையில் லேப்கள் ஒவ்வொன்றாக ஃபிலிம் கழுவுவதை நிறுத்தின. எங்கள் லேபில் மின்சாரக் கட்டணம் கட்ட முடியாமல் முதலில் அந்த அறையின் ஏ.சி.யைத்தான் நிறுத்தினார்கள். சென்னைப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாமல் ஃபிலிம் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? வினிகர் வாடை வரும். ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. அந்த வாடை வந்தால் ஃபிலிம் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருங்கும், வளையும், கடைசியில் கேக் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு டப்பாவில் வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும்.

கேட்பாரற்ற டப்பாக்களைக் கழித்துக்கட்ட நிர்வாகம் முடிவு செய்தது. பட்டியல் போட்டார்கள். மேனேஜர் கையெழுத்து ஒன்று, செக்‌ஷன் பொறுப்பாளர் கையெழுத்து ஒன்று. செக்‌ஷன் பொறுப்பாளர் நான். எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு டப்பா திறந்தேன். சில கெட்டுப்போயிருந்தன. சில நன்றாகவே இருந்தன. மீதியைத் திறக்கவில்லை. வாடையில் கண் எரிந்தது, வீட்டுக்குப் போகும் நேரம். போட்டுவிட்டேன். மறுநாள் பழைய சாமான்காரரின் லாரி வந்தது.

ஒரு வருஷத்துக்குள் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கூட அவர் மகள். அவர் ஒரே ஒரு படம் இயக்கியவர். பத்து நாள்கூட ஓடாத படம். பெயர் சொல்ல மாட்டேன், நடித்தவர்கள் இருக்கிறார்கள். அது வெளிவந்தபோது மகள் கைக்குழந்தை. “அப்பா ஒரு படம் எடுத்தேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா சார். நெகட்டிவ் இருந்தா சொல்லுங்க, எப்படியாவது பணம் புரட்டி டிஜிட்டல் பண்ணிடறேன்” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்தப் படம் பட்டியலில் இருந்தது. பக்கத்தின் கீழே என் கையெழுத்து. ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பாமலே, “இல்லீங்க, போயிடுச்சு” என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்றேன், வேண்டாம் என்றார். அந்தப் பெண்தான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் படத்தை கிரேடு செய்ததும் நான்தான். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மழை விட்ட பிறகு ஒரு தெருவைக் காட்டுவார்கள். ஈரத் தரையில் வானம் தெரியும். அதற்கு நீலம் எத்தனை வைத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

நான் ஒருவன் மட்டும் செய்த காரியமில்லை என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931ல் வந்தது, இன்று இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், அதுவும் இல்லை. ஆனால் நாகர்கோவில்காரர் சுந்தரராஜ் தயாரித்து 1933ல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ மௌனப் படம் இருக்கிறது. எப்படித் தப்பியது தெரியுமா? நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். படம் முடக்கப்பட்டு, பிரதி அவர்கள் வசம் போய் அடைந்து கிடந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் தேடிப்பிடித்து மீட்டார். தெருத்தெருவாக, பழைய கிடங்கு கிடங்காகப் போய் டப்பா சேர்த்த மனிதர் அவர். பார்ப்பவர்களும் இல்லாமல், எடுத்தவர்களும் இல்லாமல், சும்மா வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் என்று ஒரு சாதி இருக்கிறது. சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் யார் என்று இந்த விழாக்குழுப் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். இயக்குநர் பெயர் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் பி.கே. நாயர் என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டு, “இனிஷியல் கரெக்டா அங்கிள்?” என்று கேட்டார்கள்.

இதைக் கையில் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். லேபை விட்டு வரும்போது நான் எடுத்து வந்தது இது ஒன்றுதான். இரண்டு அடி ஃபிலிம். இதில் ஒரு பெண்ணின் முகமும், பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டமும் இருக்கும். கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பியது. நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரீலின் முனையில் ஒட்டி ஓட்டுவோம். இந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் படம் சரி. இந்த முகத்தை நான் முப்பது வருஷம் தினமும் பார்த்தேன். தியேட்டரில் ஒருவரும் பார்த்ததில்லை. பெயர் தெரியாது. வரிசையாகக் கை மாற்றிப் பாருங்கள். விளிம்பைப் பிடியுங்கள், நடுவில் விரல் படக்கூடாது. போண்டா சாப்பிட்ட கையோடு தொடக் கூடாது.

முடிக்கும் முன் உங்கள் வீட்டு விஷயம் ஒன்று. நம்மில் பாதிப் பேர் வீட்டில் கல்யாண வீடியோ இன்னும் வி.எச்.எஸ். காசெட்டில் இருக்கிறது. எங்கே இருக்கிறது? பாத்ரூமுக்கு மேல் பரணில். கீசர் சூடும் ஈரமும் நேராக அதற்குத்தான் போகும். தயவுசெய்து இன்றே இறக்குங்கள். வெள்ளைப் பூசணம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிளேயரில் போட்டு விடாதீர்கள், நாடாவும் போகும், பிளேயரும் போகும். பூசணம் இல்லையென்றால் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்து, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றும் கருவியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒன்று வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். காசு வேண்டாம். பென் டிரைவ் இரண்டு கொண்டுவாருங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளையிடம் இருக்கட்டும். காசெட்டின் மேல் அந்த வீடியோகிராஃபர் பெயர் இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள், ஃபைலின் பெயரோடு சேர்த்துவிடுகிறேன். ஏ பிளாக் மாமி ஒருத்தர் ஏற்கெனவே தந்திருக்கிறார். 1989 கல்யாணம். அதில் நாகஸ்வரம் வாசிக்கிறவரை மாப்பிள்ளையைவிட அதிகமாகக் காட்டியிருக்கிறார்கள். மாமாவுக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ‘உதிரிப்பூக்கள்’. மகேந்திரன், 1979, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது, கேமரா அசோக்குமார். ஆறரைக்குப் படம். டைட்டிலும் ஆறரைக்குத்தான். கதவைச் சாத்த மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

போகலாம், போண்டா ஆறுகிறது.